சோனார்பூர் தீதியின் கையெழுத்து

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். பாப்பாவுக்கு இன்றும் இழுப்பு. நெஞ்சில் தைலம் தேய்த்து, மூச்சு சீராகிவிட்டதா என்று நாலு தரம் குனிந்து கேட்டுவிட்டு வருவதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மேசையில் அண்ணன் கூரியரில் அனுப்பிய முத்திரைத்தாள் கிடக்கிறது. உறையைப் பிரித்ததும் அந்தத் தாளின் வாசனை வந்தது. கூடவே அலிப்பூர் வக்கீலின் அறையும், டைப்ரைட்டருக்குப் பின்னால் நீயும். நீ கண்மூடி இரண்டு வருடம் ஆகிறது.

வந்திருப்பது விடுதலைப் பத்திரம். உயில் எழுதாமல் காலமான அப்பா கட்டிய பாளையங்கோட்டை வீட்டில் எனக்குள்ள பாத்தியதையை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் நான் சொல்கிறேன். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறான். "சும்மா ஒரு பார்மாலிட்டிதாம்ட்டி. படிச்சுக்கிட்டு இருக்காத, போட்டு அனுப்பிரு" என்றான் போனில். என் வீட்டுக்காரரும், "போட்டுடேன், எதுக்கு வம்பு" என்கிறார். கேள்வி கேட்டால் அண்ணன் முகம் மாறும். அம்மா அவனோடுதான் இருக்கிறாள். லீவுக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் இறங்க எனக்கு இருப்பது அந்த ஒரு வீடு.

உன்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். கராஜ் வாங்கின சமயத்தில் சொன்னதைத்தான் சொல்லியிருப்பாய்.

அப்போது பாப்பாவுக்கு ஒன்றரை வயது. டாக்குரியாவில் எங்கள் சந்தில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். இழுப்பு வரும் இரவில் டாக்ஸி உள்ளே வராது. கிடர்பூர் துறைமுக ஆபீசில் கூட வேலை பார்த்தவரிடம் என் வீட்டுக்காரர் ஒரு பழைய பியட்டை வாங்கினார். தெருவில் நிறுத்தி வைத்த முதல் மழையிலேயே எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது. சந்து முனையில், மேட்டில், எந்த வீட்டோடும் ஒட்டாமல் தனியாக ஒரு கராஜ் விலைக்கு வந்தது அந்த வாரம்தான். விற்றவரைச் சந்தில் எல்லாரும் வங்காள வழக்கப்படி தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள். பெண் என்றால் தீதி, அதாவது அக்கா. அடுத்த மழைக்குள் பத்திரம் முடிய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பத்திரத்தை டைப் செய்யச் சொல்லி உன்னிடம் காகிதங்களைக் கொண்டுவந்தேன். நீ புரட்டிப் பார்த்தாய்.

"வரி ரசீது தாதா பேர்ல இருக்கு, சரி. மூலப்பத்திரம் அவரோட அப்பா பேர்ல இல்ல இருக்கு? உயில் இருக்கா?"

"இல்லையாம். அவரோட அம்மாவும் இப்ப இல்ல. ஒரே பிள்ளை."

"ஒரே பிள்ளை. பொண்ணு?"

சோனார்பூரில் கட்டிக்கொடுத்த தங்கை ஒருத்தி உண்டு, அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், மரியாதையான குடும்பம் என்று தாதா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"அட போ! கல்யாணமானா பங்கு ஆவியாயிடுமா? அந்தத் தீதி கையெழுத்து இல்லாம இதை நான் டைப் பண்ணமாட்டேன்டி."

நான் அப்போது சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "உனக்கென்ன, புள்ளையா குட்டியா. மூச்சு முட்டறப்போ தூக்கிக்கிட்டு ஓடறவளுக்குத்தான் தெரியும்" என்றேன். நீ டைப்ரைட்டருக்கு உறையைப் போட்டு மூடினாய். "ஞாயித்துக்கிழமை காலம்பற டாக்குரியா ஸ்டேஷனுக்கு வா. சோனார்பூர் லோக்கல்ல போயிட்டு வந்துடலாம்" என்றாய்.

தீதி நம்மைக் கட்டிலில் உட்காரவைத்து, தேநீரும் முறுமுறுவென்று பொரியும் கொடுத்தாள். நீ வங்காள மொழியில் பேசினாய். எனக்கு முக்கால்வாசி புரிந்தது.

"அண்ணன் அனுப்பினானா?" என்று கேட்டாள் தீதி.

"இல்லை தீதி. வாங்கறவங்க நாங்க. உங்களைக் கேக்காம வாங்கக் கூடாதுன்னு வந்தோம்."

"எனக்கு அதில் என்ன இருக்கு?"

நான் உன் முழங்கையைக் கிள்ளினேன். கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொள்ளக் கூடாதா என்று எனக்கு. நீ பொரியை மென்று விழுங்கிவிட்டு, "சரிபாதி" என்றாய்.

தீதி கொல்லைப்புறம் பார்த்துக் கத்தினாள்: "ஏங்க, கேட்டீங்களா? பாதியாம்! பாதி!" வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த அவள் புருஷன், "எதில் பாதி?" என்று ஈரக் கையோடு வந்து நின்றார்.

அதன்பின் மூன்று வாரம் இழுத்தது. இரண்டு பெருமழை. ஒருநாள் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் பிரதான சாலை வரை நடந்தேன். உன்னை மனதில் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். தாதா தெருவில் என்னைக் கண்டால் குடையைச் சாய்த்துக்கொண்டு போவார். தீதி வீட்டுக்கு யார் போய் என்ன பேசினார்கள் என்று நீ சொல்லவில்லை. நாலு தரம் ரயிலேறினாய் என்பது உன் அம்மா சொல்லித்தான் தெரியும்.

கடைசியில் அலிப்பூர் பதிவு அலுவலகத்துக்குத் தாதாவும் தீதியும் தனித்தனியாக வந்தார்கள். தீதி கஞ்சி போட்ட கைத்தறிப் புடவையில் வந்தாள். தன் பங்குக்குத் தன் பெயரில் தனிக் காசோலை வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தாள். வாங்கி இரண்டு தரம் படித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். போட்டோவுக்குப் பக்கத்தில் பத்து விரலையும் பதிக்க வேண்டுமே, அப்போது தாதா ஐந்து நொடியில் முடித்துவிட்டார். தீதி ஒவ்வொரு விரலாக உருட்டி உருட்டி வைத்தாள். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. "என்ன அவசரம்? முதல் தரம் கேக்கறாங்க, நிதானமா வெக்கறேன்" என்றாள் அவள். குமாஸ்தாவே சிரித்துவிட்டார்.

வெளியே மண்குவளையில் டீ குடிக்கும்போது நீ சாதாரணமாகக் கேட்டாய்: "உங்க ஊர் வீட்டுல உன் பங்கு என்ன?"

"அதெல்லாம் அண்ணன் பாத்துப்பான்."

நீ சிரித்ததில் டீ உன் புடவையில் கொட்டியது. பிறகு சிரிப்பை நிறுத்தி விரல்விட்டு எண்ணினாய். "அம்மா, அண்ணன், நீ. மூணுல ஒண்ணு. தெரிஞ்சு வெச்சுக்கோ. வேணாம்னா அப்புறம் குடுத்துக்கலாம்."

தெரிந்து வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. உன் முழங்கையைக் கிள்ளியதற்கும், பிள்ளை குட்டி என்று பேசியதற்கும் மன்னிப்புக் கேட்க எப்போது வேண்டுமானாலும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். நீ மஞ்சள்காமாலையில் படுத்தது பதினோரு நாள். நான் பார்க்க வந்தது ஒருநாள். அன்றைக்கும் பாப்பாவின் மருந்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

கராஜ் இருக்கிறது. கார் வெளியே வருகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறது, திரும்பி வருகிறது. பங்கு கேட்டு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.

தாளில் கையெழுத்துப் போடவில்லை. வீட்டை அண்ணனுக்கே கொடுத்துவிடக் கூடும். அது எனக்கே இன்னும் தெரியவில்லை. ஆனால் எதைக் கொடுக்கிறேன் என்று படித்துவிட்டுத்தான் கொடுப்பேன். அம்மாவின் குரல் போனில் எப்படி மாறும் என்று தெரியும். இருந்தாலும் அண்ணனுக்கு எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். எழுதியதை உனக்குச் சொல்கிறேன்:

"அண்ணா, பத்திரம் வந்தது. அப்பா பெயரில் உள்ள மூலப்பத்திரத்தின் நகல் ஒன்று அனுப்பு. அதில் என் பங்கு மூன்றில் ஒன்று என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கோபப்படாதே. லீவுக்கு நாங்கள் வரலாமா என்பதையும் எழுது. சீக்கிரம் பதில் போடவும்."