முப்பத்தோரு வினாடிப் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் நூலகம் பார்வையற்ற வாசகர்களை இருபத்திரண்டு வருடங்களாக ஏமாற்றி வருகிறது.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் நாளைக்கு வரும். இன்று நடந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன்.

நூலகத்துக்கு நாற்பது வயதாகிறது; ஆண்டு மலர் போடுகிறார்கள். ‘வரலாறும் சேவைகளும்’ என்ற கட்டுரை என் தலையில் விழுந்தது. “நம்ம பிள்ளைங்கள்ல ஒருத்தி எழுதினாத்தான் படிக்கிறவங்க மனசு இளகும்” என்றார் செயலாளர். எனக்கு வயது இருபத்தாறு. இங்கே பிரெயில் பிழை திருத்தி ஆறு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். இன்னும் பிள்ளைதான்.

மொத்தம் எத்தனை மணி நேரம் ஒலிநூல் பதிவு செய்திருக்கிறோம் என்று மலரில் போட வேண்டுமாம். பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றியபோது ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்திருந்தோம். வாசிப்பவர் பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் படிப்பார் என்பதால் சிரமமில்லை. இன்று கணினி அந்த நீளங்களை எனக்கு வாசித்துக்கொண்டு வந்தது. துறைமுக நாவல். பக்கம் 110, இரண்டரை நிமிடம். 111, இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. 112, முப்பத்தோரு வினாடி. 113, பதினெட்டு வினாடி. 114-இல் எண் மட்டும்தான். உடனே 115.

படம் ஏதாவது இருந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த நாவலில் ஏது படம்?

வாசித்தவர் செவ்வாய்க்கிழமை அக்கா. எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். வங்கியில் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செவ்வாய்தோறும் அலுவலகம் விட்டதும் நேராக இங்கே வந்து இரண்டு மணி நேரம் வாசிப்பார். ஒரு பைசா வாங்கியதில்லை. எங்கள் ஒலிநூல்களில் பாதி அவர் குரல்.

அந்த நாவலைப் பதினான்கு வயதில் கேட்டேன். கப்பல் கம்பெனி குமாஸ்தா ஒருவன்தான் கதாநாயகன். அவனுக்குப் பார்வையில்லாத தங்கை ஒருத்தி உண்டு. நான் படித்த கதைகளில் என்னைப் போல ஒருத்தி வந்தது அதில்தான். பாதிக் கதையில் அவள் காணாமல் போனாள். “அந்தத் தங்கச்சி என்ன ஆனாக்கா?” என்று அக்காவிடம் போய்க் கேட்டேன். “அவ பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டாடா” என்றார்.

எழுதியவருக்கு மறதி என்று பன்னிரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

அக்கா வாசித்த இன்னும் ஒன்பது நூல்களின் நீளத்தைக் கேட்டேன். ஏழில் ஓட்டை.

மார்ச் 8, சனி

அச்சுப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். அண்ணன் படிக்க மாட்டான், இரண்டு வரியில் தூங்கிவிடுவான். அண்ணிதான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தங்கை பெரியம்மா வீட்டுக்குப் போகவே இல்லை. 112-இல் சரக்குக் கிடங்குக் காவல்காரன் ஒருவனின் முகத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். 113-இல் முத்தமிடுகிறாள். ஆமாம், அவள்தான் முதலில். 114 முழுக்க இருவரும் கிடங்கில். அதற்குப் பிறகும் அவள் கதை தொடர்கிறது: வீட்டில் அடி, ஊரில் பேச்சு, கதாநாயகனோடு பெரிய சண்டை. மொத்தம் முப்பத்தேழு பக்கம். அக்கா முப்பத்தேழையும் தாண்டியிருக்கிறார். எங்கெங்கே அவள் பெயர் வருகிறதோ அந்த வாக்கியங்களைக்கூட வழித்து எடுத்திருக்கிறார்.

கிடங்குக் காட்சியை அண்ணி ஒரு தடங்கல் இல்லாமல் படித்தாள். அடுத்த அறையில் அம்மா இருமினாள். அண்ணி குரலைக் குறைத்தாளா என்ன, இன்னும் தெளிவாகப் படித்தாள். முடித்துவிட்டு, “இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு பொத்திப் பொத்தி வெச்சாங்க? உங்க அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதின லெட்டரைப் படிச்சா அந்தக்கா மயக்கம் போட்டு விழுந்துடுவாங்க” என்றாள்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவளை ஒளித்து வைத்தது யாருக்காக? எங்களுக்காகவாம். ஒரு குருட்டுப் பெண்ணைக் குருட்டுப் பெண்களின் கண்ணில் படாமல் மறைத்திருக்கிறார்கள். என்ன துணிச்சல்.

மார்ச் 11, செவ்வாய்

பதிவு அறையில் அக்காவிடம் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டேன், அந்த மரியாதை அவருக்கு உண்டு.

மறுக்கவில்லை. சொன்னார்: “ஆரம்பத்துல எல்லாத்தையும் முழுசாத்தான் படிச்சேன். ஒரு கதையில பார்வையில்லாதவனை ரொம்பக் கேவலமா எழுதியிருந்துச்சு. அதைக் கேட்டுட்டு ஒரு பொண்ணு போன் பண்ணி அழுதா. எங்களை இப்படித்தான் நினைக்கிறாங்களா அக்கான்னு கேட்டா. என்னால பதில் சொல்ல முடியலை. அன்னிக்கு முடிவு பண்ணினேன்.”

“சரி, அது கேவலம். இது காதல்தானே?”

“அது மட்டும் என்னவாம்? நடக்காததுக்கு ஏங்க வெக்கறது பாவமில்லையா?”

நடக்காததுக்கு. அவர் குரல் அப்படியே பால் மாதிரி இருந்தது. அந்தக் குரலில்தான் உலகத்தை எல்லாம் கேட்டேன். அதே குரலில் இதையும் கேட்டேன்.

“அந்தப் பொண்ணை அழ விட்டிருக்கணும்க்கா. அழுதுட்டு அடுத்த பக்கம் போயிருப்பா. நீங்க எங்களுக்குப் புத்தகம் படிக்கலை, சோறு பிசைஞ்சு ஊட்டியிருக்கீங்க.”

“இருபத்திரண்டு வருஷம்மா” என்றார். கைப்பையை மூடும் சத்தம் கேட்டது.

மார்ச் 12, புதன்

அவர் அழுதாரா என்று நான் யோசிக்கப் போவதில்லை.

மார்ச் 14, வெள்ளி

வரலாறு எழுதச் சொன்னார்களே, வரலாற்றைத் தேடிப் போனேன். மலருக்காகச் செயலாளர் கொடுத்த குறிப்பில் ‘கருணை உள்ளம் கொண்ட சில பெரியோர்’ நூலகத்தைத் தொடங்கியதாக இருக்கிறது. பொய். நூலகக் கிடங்கு அறையின் அடித்தட்டில் முதல் கூட்டக் குறிப்பேடு இருந்தது. பிரெயில். புள்ளிகள் பாதி மழுங்கிவிட்டன, ஆனாலும் விரலுக்குக் கிடைத்தது. தொடங்கியவர்கள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த ஏழு பார்வையற்ற ஆபரேட்டர்கள். சைக்கிள் கடையின் பின்னறை, ஒரு மர அலமாரி, வாரத்துக்கு மூன்று நாள் வந்து வாசிக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள். கருணை அல்ல, கூலி.

மூன்றாவது விதி: ‘வாசிப்பவர் உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். தாண்டக் கூடாது.’

ஏழு பேரும் நல்லாத் தெரிஞ்சுதான் எழுதியிருக்கிறார்கள்.

இதையும், முப்பத்தேழு பக்கத்தையும் சேர்த்துக் கட்டுரையாக எழுதிச் செயலாளர் அறைக்குக் கொண்டுபோனேன். எதையும் அவர் தானே படிக்க மாட்டார்; உதவியாளர் வாசித்துக் காட்டினார். பாதியில் செயலாளர் நிறுத்தச் சொன்னார்.

“உனக்கு என்ன ஆச்சு? வாசிக்க வர்றவங்க நாளைக்கே நின்னுட்டா என்ன பண்ணுவே, நீ படிச்சுக் காட்டுவியா?”

“தாண்டாதவங்களைக் கூப்பிடலாம் சார்.”

“நன்றின்னு ஒண்ணு இருக்கும்மா.”

“இருக்கு சார். அவங்க படிச்ச பக்கத்துக்கெல்லாம் இருக்கு.”

பிறகு, “உன் ஒப்பந்தம் ஜூன்ல முடியுதில்ல?” என்று சாதாரணமாகக் கேட்டார். மழை வருமா என்று கேட்பது போல.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணன்: “கிடைச்ச வேலையை ஒழுங்கா பாரேன். ஒரு கதைப் புத்தகத்துக்காகவா?” அவன் கேட்பதில் தப்பில்லை. இந்த ஊரில் என்னை வேலைக்கு வைத்துக்கொள்ள இன்னொரு இடம் கிடையாது, போன முறை தேடியே பதினான்கு மாதம் ஆனது. ஜூனில் போனால் மறுபடி வீட்டில் உட்கார வேண்டும், யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போகும் வரை.

பயமாகத்தான் இருக்கு. இல்லைன்னு யார் சொன்னது?

மார்ச் 21, வெள்ளி

செய்துவிட்டேன்.

எங்களிடம் ஒரு தொலைபேசிச் சேவை உண்டு. உறுப்பினர் எந்த நேரமும் ஓர் எண்ணை அழைத்தால் ‘இந்த வாரப் புதிய வரவுகள்’ என்று பதிவு செய்த குரல் ஓடும். அந்தக் குரல் என்னுடையது. வெள்ளி காலை நான்தான் மாற்றுவேன்.

நேற்று வீட்டில் அண்ணியைப் படிக்க வைத்துப் பதிவு செய்தேன். தையல் மெஷினுக்குத் துணி போர்த்தி, ஜன்னலைச் சாத்தி, அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி. இன்று காலை ஏற்றினேன்: “இந்த வாரப் புதிய வரவு. துறைமுக நாவலின் 112, 113, 114-ஆம் பக்கங்கள். இருபத்திரண்டு வருடம் தாமதமாக வருகிறது, மன்னிக்கவும்.” பிறகு மூன்றாவது விதி. பிறகு அண்ணியின் குரல்.

மார்ச் 24, திங்கள்

வாரத்துக்கு நாற்பது அழைப்பு வரும் எண். மூன்று நாளில் இருநூற்று அறுபது.

எழுதுபொருள் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் அலுவலகத்துக்கே பேசினார்: “என் பொண்டாட்டிக்கும் போட்டுக் காட்டினேன். அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனான்னு கேட்டு உசுரை எடுக்கறா. மிச்சம் எப்போ?”

ஓய்வு பெற்ற இசை ஆசிரியர் ஒருவரும் பேசினார். “ஏம்மா அவங்க மனசை நோகடிக்கிறே? அந்தக் குரல் இல்லாட்டி எனக்குச் சாயங்காலம்னே ஒண்ணு கிடையாது” என்றார். அவர் சொல்வதும் நிஜம். அந்த நிஜத்தைக் காட்டித்தான் எங்களை இத்தனை வருடம் அடக்கி வைத்திருக்கிறார்கள். குரலும் வேண்டும், பக்கமும் வேண்டும். இரண்டையும் கேட்டால் பேராசையா?

மார்ச் 25, செவ்வாய்

தொலைபேசிச் சேவையின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். மலர்க் கட்டுரையை வேறு யாரோ எழுதுகிறார்கள், பார்வையுள்ள ஒருவர். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அச்சில் கொடுத்தார்கள். “பிரெயில்ல கொடுங்க, அப்பத்தான் கையெழுத்துப் போடுவேன்” என்றேன். நூலகத்திலேயே பிரெயில் எந்திரம் இருக்கிறது. தட்டச்சு செய்ய ஆள் நான்தான். கடிதம் அப்படியே கிடக்கிறது.

அக்கா இன்று வரவில்லை. மழை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் வந்தவர்.

ஏப்ரல் 2, புதன்

மூன்றாவது விதியைக் காட்டிப் பதினொரு உறுப்பினர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள், துறைமுக நாவலை முழுதாகப் பதிவு செய்யச் சொல்லி. பதினொன்றாவது கடிதம் இசை ஆசிரியருடையது. ‘அதே குரலில்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

ஏப்ரல் 10, வியாழன்

மாலையில் அண்ணி சொல்லச் சொல்ல, முப்பத்தேழு பக்கத்தையும் நானே பிரெயிலில் குத்தி முடித்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். “அந்தப் பொண்ணு கடைசியில நல்லா இருக்காளா?” என்று மெதுவாகக் கேட்டாள். இருமலுக்கு நடுவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

நிர்வாகக் குழு கூடியது. ஒரு நூலை மட்டும் ‘சோதனையாக’ மறுபதிவு செய்யலாமாம். எதிர்பாராதது ஒன்றும் நடந்தது: அக்கா குழுவுக்குத் தொலைபேசியில் சொன்னாராம், “நான் படிச்சது. நானே படிக்கிறேன்.”

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்றும் முடிவு. அதையும் அதே கூட்டத்தில், அதே டீயோடு.

ஏப்ரல் 29, செவ்வாய்

அக்கா வந்தார். என்னோடு பேசவில்லை. பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார், இந்தப் பக்கம் நான். காதில் ஒலிவாங்கிச் சத்தம், மடியில் என் பிரெயில் தாள்கள். அவர் வாசிக்க வாசிக்க என் விரலும் கூடவே ஓடியது. 112 இரண்டரை நிமிடம். 113-இல் ஒரு இடத்தில் குரல் கரகரத்தது, தண்ணீர் குடித்தார், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். 114-ஐயும் முழுதாகப் படித்தார். நல்லாவே படித்தார். அண்ணியைவிட நல்லா.

சண்டை வரும் பக்கத்துக்கு வந்தோம். கதாநாயகன் தங்கையிடம் கேட்கிறான்: “கண்ணு தெரியாதவளுக்கு இதெல்லாம் எதுக்கு?” அந்தக் கேள்வியை அக்கா படித்தார். அவருடைய சொந்தக் கேள்வி போலவே இருந்தது.

நின்றுவிட்டார்.

அடுத்த வரி தங்கையின் பதில். என் விரல் அதன் மேல் இருந்தது. ‘எனக்கு வேணும். அதனாலதான்.’ அவ்வளவுதான், நீளமான பிரசங்கம் ஒன்றும் இல்லை.

காத்திருந்தேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூச்சு கேட்டது, தாளின் ஓரத்தை விரல் தேய்ப்பது கேட்டது. நானே அந்த வரியைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

பொத்தானை அழுத்தி உள்ளே பேசினேன்.

“அடுத்த வரி, அக்கா.”

மறுபடி அழுத்தினேன்.

“அடுத்த வரி படிங்க.”