வெயில் படாத முளைப்பாரி

இன்று மத்தியானம் வகுப்பில் அயோடின் சீசாவைத் திறந்தேன். அந்த நெடி இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. இரண்டு நாள் இருட்டில் வைத்த செம்பருத்தித் தொட்டியைக் காலையில் வெளியே எடுத்து, ஓர் இலையின் நடுவே கறுப்புத் தாளைப் பட்டையாகச் சுற்றியிருந்தேன். குற்றாலத்து மலையில் மேகம் விலகி, ஆடியில் அபூர்வமாக நல்ல வெயில். பிறகு இலையைப் பறித்து ஸ்பிரிட்டில் பச்சை இறங்கும்வரை வேகவைத்து அயோடினை ஊற்றினேன். வெயில் பட்ட இடமெல்லாம் கருநீலமானது. தாள் மறைத்த பட்டை மட்டும் வெளுத்தே கிடந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அந்தப் பட்டையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கடைசி நாட்களில் உன் முகம் அந்த நிறத்தில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அத்தை, உன் அம்மா, சொல்லியனுப்பிய சேதி காத்திருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ இருமலோடு தென்காசிக்குப் பிறந்தகம் வந்த வருஷம் நான் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தேன். படிப்பு புதிது, வாய் சும்மா இருக்காது. சாரல் காற்று ஆகாதென்று அத்தை உன் அறைச் சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டிருந்தாள். நீ குணமாக வேண்டுமென்று அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, ஒன்பது மண்சட்டி ஓட்டில் தானியம் விதைத்திருந்தாள். அதை வெயில் படாத அறையில் அல்லவா வளர்க்க வேண்டும்? எந்த அறை என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் மேதாவியாகச் சொன்னேன், செடி நாம் விடும் கெட்ட காற்றை எடுத்துக்கொண்டு நல்ல காற்றைக் கொடுக்கும் என்று. அத்தை முகம் மலர்ந்தது. அப்படியானால் பாரியும் அம்மனும் உன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றாள். நான் தலையாட்டினேன். அன்றே சாக்கை எடுத்துவிட்டுச் சன்னலுக்குப் பலகை அடித்து, இடுக்கெல்லாம் களிமண் பூசினார்கள்.

ஐந்தாம் நாள் முளை சாணுயரம் வந்துவிட்டது. கும்மியடிக்க வந்த பெண்கள், அம்மன் மனம் இறங்கிவிட்டாள் என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் போன பிறகு நீ கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, அகல் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏட்டி, இதுல பச்சையே இல்லியே. மஞ்சத்தண்ணி மாதிரில்லா இருக்கு. இது எங்கன நல்ல காத்து குடுக்கும்?"

பரீட்சையில் இதற்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். உன்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். வெயில் பட்டால்தான் இலை பச்சையாகும். அந்தப் பச்சை வெயிலைப் பிடித்துக்கொண்டு, வேர் ஏற்றும் தண்ணீரையும், இலையடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் நுழையும் கெட்ட காற்றையும் சேர்த்துச் சர்க்கரை சமைக்கும். மிஞ்சியதை மாவாகச் சேர்த்து வைக்கும். அப்படிச் சமைக்கும்போதுதான் நல்ல காற்று வெளியே வரும். இருட்டில் அடுப்பே பற்றாது. இருட்டில் செடியும் நம்மைப் போல மூச்சு மட்டும்தான் விடும்.

"அப்ப இது எங் காத்தையும்லா எடுத்துக்கிடுது" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலில் முடிந்தது. ஒன்பது ஓட்டுப் பயிர் எடுக்கும் காற்று ஒன்றுமே இல்லை, அடைத்த சன்னல்தான் பொல்லாதது என்று சொல்லியிருக்க வேண்டும்.

"வெயிலு இல்லாம எப்படி இம்புட்டு உயரம் வளருது?"

வெயிலைத் தேடித்தான் அப்படி நீளுகிறது, விதைக்குள் இருப்பதைத் தின்றுகொண்டு, என்றேன்.

"விதையில இருக்கது எத்தன நாளைக்கு வரும்?"

பத்துப் பன்னிரண்டு நாள் என்றேன். அம்மாவிடம் சொல்லிப் பலகையைக் கழற்றச் சொல் என்று மட்டும் கேட்டாய். எனக்குப் பயம். கழற்றிப் பாரி வாடினாலோ, உனக்கு ஒன்று ஆனாலோ, ஊர் என்னைத்தான் சொல்லும். திருட்டுத்தனமாகப் பலகை இடுக்கில் ஒரு விரற்கடை மண்ணைப் பெயர்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டே நாள். அந்தக் கீற்றுக்கு நேராக இருந்த ஓட்டில் முளையெல்லாம் சன்னல் பக்கம் சாய்ந்து, ஒரு வரிசை பச்சை பிடித்திருந்தது. வேறு எங்கேயும் அதைப் பயிர் பிழைத்தது என்பார்கள். உன் வீட்டில் அது தெய்வக் குத்தமாகிவிட்டது. அத்தை நிலைப்படியில் நின்று, யார் கை வைத்தது என்று கேட்டாள். நான் உன் கட்டிலருகில்தான் நின்றேன். அகல் திரியைத் தூண்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நான்தான்மா" என்றாய் நீ.

அத்தை உன்னைத் திட்டவில்லை. மண்ணைக் குழைத்து இடுக்கை அடைத்தாள். பத்தாம் நாள் பாரி ஊர்வலமாகப் போய்ச் சிற்றாற்றில் கரைந்தது. ஆவணி பிறக்குமுன் அதே ஆற்றங்கரைக்கு உன்னையும் கொண்டுபோனார்கள். நேர்ச்சையைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாள் என்று அத்தை இன்றைக்கும் அழுகிறாள். அதைப் பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அழுதிருக்கிறேன், வாயைத் திறந்ததில்லை. இவ்வளவு கோழையாக இருப்பேன் என்று நீகூட நினைத்திருக்க மாட்டாய்.

பள்ளியில் என் வகுப்புச் சன்னல்களைச் சாரலிலும் சாத்த விடுவதில்லை. நோட்டெல்லாம் நனைகிறதென்று பெரிய டீச்சர் கோபிக்கிறார். உனக்காக நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

இன்று வந்த சேதி இதுதான். உன் தங்கைக்கு ஒரு மாதமாக இருமல். அத்தை விதை போட்டுவிட்டாள். "பாரிய அவ ரூம்லயே வச்சு, சன்னலுக்குப் பலகையும் அடிச்சாச்சு. டீச்சரு அன்னைக்கு சொன்னதுதானேன்னு சொல்லு" என்று ஆள் அனுப்பியிருக்கிறாள்.

இதோ கிளம்புகிறேன். மலையில் மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது. தேங்காய் உடைக்க வைத்திருக்கும் அரிவாளைப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன், பலகையை நெம்புவதற்கு. அத்தை நிலைப்படியில் வந்து நிற்பாள், யார் கை வைத்தது என்று கேட்பாள். அன்றைக்கும் சேர்த்து, நான்தான் என்று சொல்வேன்.