அடைப்பு இல்லை

ஆனையூர்
12.2.2025

அன்புள்ள தம்பி மருதுவுக்கு, அக்கா எழுதுவது.

ஜெயில் சோறு தொண்டையில் இறங்குகிறதா? நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். ஹெல்மெட் போட்டு வந்தவனைத் தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லையாம். சந்தேகத்தில்தான் உன்னை வைத்திருக்கிறார்கள். என்னையும் கேட்டார்கள். "நெஞ்சுவலி முதல்லயே வந்துருச்சுய்யா, கண்ணு இருட்டிருச்சு, டோனிய யாரு வெட்டுனான்னு பாக்கல"ன்னு சொல்லியிருக்கிறேன்.

டாக்டரம்மா டயானாதான் கேள்வி கேட்பதை விடமாட்டேன் என்கிறார். மாரடைப்பு என்றுதான் சேர்த்தார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தால் எங்கேயும் அடைப்பு இல்லையாம். அப்புறம் நெஞ்சில் பசை தடவி எக்கோ எடுத்து, திரையை என் பக்கம் திருப்பினார். இதயத்தின் மேல்பக்கம் படபடவென்று அடிக்கிறது. கீழ்நுனி அசையவே இல்லை, பதநீர்க் கலயம் மாதிரி உப்பிக் கிடக்கிறது.

"பெரிய அதிர்ச்சி வந்தா இப்படி ஆகும்மா. என்னத்தப் பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல தாயி."

அஸ்வினி பக்கத்தில்தான் நின்றாள். புருஷன் டோனியை அடக்கம் பண்ணி ஒரு வாரம். தாயில்லாமல் நான் வளர்த்த பேத்தி, நம் வம்சத்தில் காலேஜில் பாடம் நடத்துகிற முதல் ஆள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
மலையம்மாள்


மதுரை
24.2.2025

அக்காவுக்கு,

வக்கீலுக்கு ரொம்பத் திருப்தி. மாரடைப்பு என்று முதலில் எழுதின சீட்டு போதுமாம். வலி வந்தது, கண்ணை மூடிவிட்டாய். அதில் ஒரு சொல் மாறக்கூடாது. எக்கோவெல்லாம் எவனுக்குப் புரியப்போகிறது? அந்த டாக்டரம்மாவிடம் மறுபடி போகாதே.

உன் மகளை மடியில் வைத்துக் காது குத்தின தாய்மாமன் நான். அவள் பெற்றது வேற்றுச் சாதிக்காரன் பின்னால் போனபோது ஊர் யார் முகத்தில் துப்பியது? எவன் செய்தானோ, நம் மானத்தைக் காப்பாற்றினான்.

உன் தம்பி
மருது


ஆனையூர்
18.3.2025

மருதுவுக்கு,

கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உள்ளே கொடுப்பார்களாமே. படிக்கட்டும். அதற்காகத்தான் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன்.

டாக்டரம்மாவிடம் போனேன். திரும்பவும் எக்கோ எடுத்தார். உப்பல் வற்றி, நுனிவரைக்கும் துடிக்கிறது. "நல்லாயிட்டீங்கம்மா" என்று சிரித்தார். ஆறே வாரத்தில் எனக்கு ஆறிப்போனது. அஸ்வினி இன்னும் கொல்லைச் சிமெண்டுத் தரையைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கறை போய் ஒரு மாதமாகிறது. தேய்த்துத் தேய்த்து அவள் விரலில் ரத்தம் வருகிறது.

பிப்ரவரி மூன்றாம் தேதி, காலை பத்து மணி. அவள் வேலைக்குப் போயிருந்தாள். டோனி எனக்கு முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தான். நீ பின்னாலிருந்து வந்தாய். முதல் வெட்டு பிடரியில். திரும்பிக் கையைத் தூக்கினான். இரண்டு விரல் துண்டாகி என் காலடியில் வந்து விழுந்தது. "அம்மாச்சி, உள்ள போங்க, கதவச் சாத்துங்க" என்று என்னைத்தான் காப்பாற்றப் பார்த்தான். அந்தக் கழுத்தில் நீ மூன்று முறை போட்டாய். அரிவாள் எலும்பில் சிக்கியபோது அவன் நெஞ்சில் காலை வைத்து உருவினாய். அப்புறம் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் உனக்காகத்தான்க்கா" என்றாய்.

அதற்கப்புறம்தான் எனக்கு வலி வந்தது. அதுவரைக்கும் நான் கல்லு மாதிரி நின்று எல்லாத்தையும் பார்த்தேன்.

எனக்காகவா? எப்போதடா கேட்டேன்? ஊரில் நான் தலை நிமிர்ந்து நடந்ததே என் பேத்தியால்தான். உன்னால் இல்லை.

இன்றைக்கு மாஜிஸ்திரேட்டம்மா முன்னால் அம்புட்டையும் சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். அஸ்வினிதான் கூட்டிப்போனாள். வழக்கு வரும்போது கூண்டேறி மறுபடியும் சொல்வேன்.

அன்றைக்கு என்னை அக்கா என்று கூப்பிடாதே. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

மலையம்மாள்