ஆறாம் பலகை கட்டிலுக்கு அடியில்

உன்னை எழுப்ப மனம் வரவில்லை, எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

பத்து மணிக்குப் பொம்மை ரயில் கிளப் செயலாளர் பலகைகளை எடுத்துப் போக வேனோடு வருவார். பையன் அறைச் சாவி டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. தண்டவாளப் பலகைகளை இரண்டிரண்டாக, முகத்துக்கு முகம் பார்க்க வைத்து, இரு முனையிலும் சட்டம் அடித்து முடுக்கியிருக்கிறேன். அப்படியே நிமிர்த்தித் தூக்கச் சொல். படுக்கப் போட்டால் மேலே ஒட்டிய பொம்மை வீடு, மரம் எல்லாம் உதிர்ந்துவிடும்.

ஐந்தாம் பலகை மட்டும் ஒற்றையாக நிற்கும். அதன் ஜோடி ஆறு, நம் பையன் செய்தது. அதை மட்டும் நம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கேட்டால், அதிலுள்ள தண்ணீர்த் தொட்டி இரண்டு விரல் உயரம் கூடுதல், எதிர்ப் பலகையில் இடிக்கிறது என்று சொல். பொய்யில்லை. அதை அறுத்து எடுடா என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். "அடுத்த கண்காட்சிக்குள்ள பண்ணிடறேன்பா" என்பான்.

"என்னைக் கேக்காம அவங்களை எப்படி வரச் சொன்னீங்க?" என்றாய் நேற்று. அவன் நம்மை விட்டுப் போய் ஏழு மாதம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், நானும் சரி என்றிருப்பேன்.

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறது. சாப்பிடு.

இன்னொன்று. ஆறு இல்லாமல் ரயில் எப்படி ஓடும் என்பார் செயலாளர். எல்லாப் பலகை முனையும் ஒரே அளவுதான். நேற்றுச் சாயங்காலம் ஐந்தையும் ஏழையும் சேர்த்து ரயிலை விட்டேன். நம்பாமல் மறுபடியும் விட்டேன். எங்கேயும் தட்டவில்லை.