ஊசி தேடுபவளின் மகள்

அம்மாவுக்கு வேல்விழியின் வணக்கம். முழங்கால் வீக்கம் வற்றியதா?

ஜெர்மனி ஆய்வகத்தில் சின்ன வேடிக்கை நடந்தது. கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் உலோகத்துக்குக் காந்தம் பொதுவாக ஆகாது. நான் சோதித்த உலோகத் துண்டில் இரண்டும் சேர்ந்தே தெரிந்தன. உடன் வேலை செய்யும் பொங்கலூர் நித்தீஷ், "கூட்டத்துல நானே சொல்லிடறேனுங்க" என்று மிக மரியாதையாக அந்தக் கண்டுபிடிப்பைத் தனதாக்கிக்கொண்டார்.

பனியன் கம்பெனியில் துணிக்குள் உடைந்த ஊசியைக் காந்தத்தால் தேடும் உன்னைப் போல, பிறகு அந்தத் துண்டின்மேல் காந்தத்தை ஓட்டிப் பார்த்தேன். துண்டைப் பிடித்த இடுக்கியிலிருந்து உதிர்ந்த இரும்புத்தூள் ஒட்டி வந்தது; தெரிந்த காந்தம் அதனுடையதுதான். கூட்டம்வரை வாய் திறக்கவில்லை. அவர் பேசி முடித்ததும் எழுந்து தூளைக் காட்டினேன்.

"முன்னமே சொல்லியிருக்கலாமுங்களே?" என்றார் வெளியே வந்து.

"கண்டுபிடிச்சது நீங்களாச்சுங்களே" என்றேன்.

இட்லிப்பொடி அனுப்பு. இனி ஞாயிறுதோறும் போன் செய். இந்த ஊரில் என்னோடு தமிழ் பேசியவர் அவர் ஒருவர்தான்.

வேல்விழி