சங்கரிடம் யாரும் சொல்லவில்லை, அக்கா

என் பிரியமுள்ள ராஜம் அக்காவுக்கு,

நீங்கள் போன பிறகு எழுதும் முதல் கடிதத்தில் நல்ல சேதி சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. வயிறு எரிகிறது. இதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் அதுதான் காரணம். உங்கள் சொந்தக்காரர்களும் படிக்கட்டும்.

உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது உங்கள் மகன் சங்கர் வீட்டில் இல்லை. அது உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய சேதி வந்ததுமே உங்கள் தம்பி அவனைக் காரில் ஏற்றிச் சுந்தரபாண்டியபுரத்துக்கு அனுப்பிவிட்டார். சூரியகாந்தி பூத்திருக்கிறதாம், பார்த்துவிட்டு வரட்டுமாம். தென்காசி வீட்டில் நீங்கள் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறீர்கள், நாற்பது வயது மகன் பூப் பார்க்கப் போகிறான்!

"சங்கர்ட்ட சொல்லிருவோம் அண்ணாச்சி. பெத்த அம்மல்லா?" என்று நான் கேட்டேன்.

"அந்தப் பயலுக்கு என்ன தெரியும்? கூப்பாடு போட்டான்னா யாரு சமாளிக்க? நீ போயி வந்தவங்களுக்குச் சேர் எடுத்துப் போடு" என்றார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், அவருடைய அதிகாரம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் சேர் போட்டேன். உங்கள் கொழுந்தனார் மகன் கொள்ளி வைத்தான்.

சங்கருக்கு என்ன தெரியுமாம்? நான் உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்ததே படுக்கையில் விழுந்த உங்கள் கணவரைப் பார்த்துக்கொள்ளத்தானே. அவர் இறந்த அன்று நீங்கள் சங்கரை உட்காரவைத்து, "அப்பா செத்துட்டாவ. இனி வரமாட்டாவ. நீதான் கொள்ளி வைக்கணும்" என்று சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அழுதான். பிறகு எழுந்து என்னிடம் வேட்டி கட்டிவிடச் சொன்னான். சுடுகாட்டில் செய்யவேண்டியதை எல்லாம் செய்தான். அவனுக்கு மூளை வளர்ச்சி குறைவு என்று சர்டிபிகேட்டில் இருக்கிறது. பெற்றவர்கள் மேல் பாசம் குறைவு என்று எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?

சாயங்காலம் திரும்பி வந்தவனிடம், "அம்ம செங்கோட்டைக்குப் போயிருக்கா, வந்துருவா" என்றார் உங்கள் தம்பி. அவ்வளவுதான். அன்றிலிருந்து சங்கர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். செங்கோட்டை போனால் அவனுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்காமல் நீங்கள் வரமாட்டீர்களே. தட்டில் சோறு போட்டால், "அம்ம வரட்டும்" என்று தள்ளிவைத்தான். இந்த வேலையில் எத்தனையோ பேருக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன். விழுங்க முடியாதவர்கள் உண்டு, அடம்பிடிப்பவர்கள் உண்டு. பொய்யை நம்பிப் பட்டினி கிடந்தவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் அவன் முன்னாலேயே, "இவன் சாப்பிடுதானா? தூங்குதானா?" என்று என்னிடம் கேட்டார்கள். ஏன், அவனுக்கு வாய் இல்லையா? இதில் பதினாறாம் நாள் காரியத்தன்றும் அவனை வெளியூருக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு.

முந்தாநாள் சாரல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கேட் கம்பியைப் பிடித்தபடியே என்னிடம் கேட்டான்:

"மாமா, அம்ம எம்மேல கோவமா? நான் மருந்து குடிக்க மாட்டேன்னேம்லா, அதான் வரலையா?"

அக்கா, கூப்பாடு போடுவான் என்று சொன்ன பொய் அவனை என்னவெல்லாம் நினைக்கவைத்திருக்கிறது பாருங்கள்! வேலை போனால் போகட்டும் என்று அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

"சங்கரு, அம்மா செத்துட்டாவ. ஒம்மேல கோவமே கெடையாது. ஒடம்புக்கு முடியாம செத்துட்டாவ."

அவன் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. உங்கள் தம்பியும் ஓடி வந்தார். "யாரக் கேட்டுலே சொன்ன? நாளைல இருந்து நீ வராத!" என்று என்னிடம் கத்தினார். சங்கர் எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்தான். அடித்துவிடுவான் என்று பயந்துபோனேன். அவனோ அவர் முன்னால் குனிந்து, தன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

"என்னலே சொல்லுதான் இவன்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"அவர்ட்டயே கேளுங்க, அண்ணாச்சி."

 நான் பார்க்க முதல் தடவையாக அவர் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "என்ன சங்கரு?"

"அப்பாவுக்கு எனக்கு மொட்ட போட்டியள்லா. அம்மைக்கு ஏம் போடல?"

உங்கள் தம்பி படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து உள்ளே போனார். என்னை வராதே என்று சொன்னதை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை. நான் நேற்றும் போனேன், இன்றும் போனேன். சங்கர் அழுதுகொண்டே சாப்பிட்டான். கேட் பக்கம் போகவில்லை.

காரியத்தைக் குற்றாலத்தில் ஆற்றங்கரையில் வைத்திருக்கிறார்கள். சங்கர் அங்கே இருப்பான், அக்கா. காரில் ஏற்றாவிட்டால் நான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். மொட்டை போட்டு, குளித்து, உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் உங்கள் மகன்தான் விடுவான். உங்கள் தம்பி வந்து எள்ளை எடுத்து அவன் கையில் கொடுத்தால் சந்தோஷம், தாய்மாமன் அவர்தானே. அவர் கொடுக்காவிட்டால், என்னையும் அவன் மாமா என்றுதான் கூப்பிடுகிறான்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
செல்வம்