கட்டைச் செருப்புக்குள் உன் விரல்

என் பிரியமான ரெஜினாக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஸ்வீடனுக்குப் போகும் கட்டைச் செருப்பு ஆர்டர் இன்னும் ஓடுகிறது. செக்கிங் மேசையில் உன் இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், சூப்பர்வைசர் கேட்கவில்லை.

நம் சண்டை ஞாபகம் இருக்கிறதா? மரக்கட்டை அடியின் மேல் தோலை இழுத்து ஆணி அடிப்பது என் வேலை. ஒவ்வொரு செருப்புக்குள்ளும் வெறும் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது உன் வேலை. அன்றைக்கு நான் அடித்த ஜோடிகளுக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாய். உள்ளே ஆணி முனை நீட்டிக்கொண்டிருக்கிறது என்றாய். லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு மானமே போயிற்று.

"இன்னாக்கா, வோணும்னே பேஜாரு பண்றியா? அந்த ஊர் குளிருக்கு கம்பளி சாக்ஸ் மாட்டிக்கினுதான் இத்த போடுவாங்க. ஒண்ணும் குத்தாது."

"அம்மா செருப்ப கொயந்தைங்க மாட்டிக்கினு நடக்கும்டி. உன் புள்ள நடக்கல?"

என் பிள்ளை நடப்பான்தான். ஆனாலும் உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் பொன்னேரி போகும் கம்பெனி வண்டியில் வழக்கம்போல டிபன் பையை வைத்து எனக்கு சீட் பிடித்திருந்தாய். பார்த்தும் பார்க்காததுபோல் கடைசி சீட்டுக்குப் போனேன். மறுநாளும் பை இருந்தது. மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாள் உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு நான் வரவில்லை அக்கா. திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவாய், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை வருவதற்குள் நீ கண்ணை மூடிவிட்டாய். எவ்வளவு அழுதும் இது ஆறவில்லை. காய்ச்சலில் என்னைக் கேட்டாயா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று ஒரு செருப்புக்குள் விரலை விட்டேன், சுருக்கென்று ஏறியது. உன் விரல் நுனியில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி இருக்குமே, அதே இடத்தில் ரத்தம். வலி தாங்காமல் அழுகிறேன் என்று லைனில் நினைத்துக்கொண்டார்கள்.

சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். அடித்தவள் என் பழைய இடத்துக்கு வந்திருக்கும் காமாட்சி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சாயங்காலம் வண்டியில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்தேன். என்னைப் பார்க்காமல் கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்றைக்கும் பிடித்து வைப்பேன். அவள் வராவிட்டால் பையை எடுத்துக்கொண்டு நானே போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். திங்கட்கிழமைவரை விடமாட்டேன் அக்கா, சத்தியம்.

கடைசி சீட்டிலிருந்து எழுந்து வராமல் போன
உன் தங்கச்சி
சசி